ஒரே ஒரு ஆல்பத்திலிருந்து தொடங்குங்கள்: கம்பம் பள்ளத்தாக்கில் உட்கார்ந்து இண்டி ராக் கேட்கப் பழகுவது

"இங்கிலீஷ் ராக் கேட்கணும்னு ஆசை, எங்கேருந்து ஆரம்பிக்கிறதுன்னு தெரியலை" என்று கம்பத்திலும் கூடலூரிலும் குமுளியிலும் பல பிள்ளைகள் கேட்பதுண்டு. கேட்ட கையோடு யாராவது ஒருவர் 'கேட்டே ஆக வேண்டிய 100 ஆல்பங்கள்' என்று ஒரு பட்டியலை அனுப்பிவிடுவார். அது போனில் கிடக்கும். நாலாவது ஆல்பத்தைத் தாண்டியவர்களை நான் பார்த்ததில்லை.

நான் சொல்லும் வழி வேறு. ஒரே ஒரு ஆல்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சில வாரம் அதையே கேளுங்கள். அது பழகிய பிறகு, அதில் உங்களைப் பிடித்திழுக்கும் ஒரு ஒலியின் கையைப் பிடித்துக்கொண்டு பின்னால் போங்கள்: இந்த ஒலியை இவர்கள் யாரிடம் கேட்டார்கள், அவர்கள் யாரிடம் கேட்டார்கள் என்று. நூறு ஆல்பமும் அந்த வழியில் தானாக வரும்.

இங்கே நான் எடுத்துக்கொள்வது இன்டர்போல் என்ற நியூயார்க் குழுவின் முதல் ஆல்பம், 'டர்ன் ஆன் த பிரைட் லைட்ஸ்'. 2002 ஆகஸ்டில் மேட்டடோர் லேபிளில் வந்தது. 11 பாட்டு, ஏறக்குறைய 49 நிமிடம். பிட்ச்ஃபோர்க் இதழ் அந்த வருடத்தின் சிறந்த ஆல்பம் என்று இதைத்தான் தேர்ந்தெடுத்தது. ஆனால் நான் இதைச் சொல்வதற்குக் காரணம் அதுவல்ல. இதில் ஒவ்வொரு வாத்தியமும் தனித்தனியாகக் காதில் விழும். புதிதாகக் கேட்பவருக்கு அது பெரிய உதவி. அப்புறம், இந்தக் குழு யாரிடமிருந்து எதை எடுத்தது என்ற சண்டை இருபது வருடத்துக்கு மேலாக நடந்துகொண்டிருக்கிறது. தாக்கம் என்பதைக் காதால் தேடிப் பழக இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது.

இது சோகப் பாட்டா என்றால், இல்லை. காதல் தோல்வி, அம்மா பாசம் என்று காரணம் சொல்லி அழவைக்கும் பாட்டுகள் நம்மிடம் நிறைய உண்டு. இந்த ஆல்பத்தில் காரணம் சொல்ல மாட்டார்கள். ஆடி மாதம் குமுளிப் பக்கம் விடிந்தும் விடியாமல் நாள் முழுக்க ஒரே மங்கலாகக் கிடக்குமே, ஆல்பம் முழுவதும் அந்த வெளிச்சத்தில்தான் நடக்கிறது.

இண்டி என்ற சொல்லைப் பற்றி ரொம்பக் குழம்ப வேண்டாம். பெரிய இசைக் கம்பெனிகளைச் சாராத சின்ன லேபிள்களில் வந்த பாட்டுகளுக்கு அந்தப் பெயர் இருந்தது. பிறகு அந்த லேபிள்களில் அதிகம் கேட்ட ஒலிக்கே அது பெயராகிவிட்டது. இப்போதைக்கு இவ்வளவு தெரிந்தால் போதும். மற்றதைக் காது பார்த்துக்கொள்ளும்.

கேட்பதற்கு முன் செய்ய வேண்டியவை

வீட்டில் டவர் நன்றாக இருக்கும்போதே முழு ஆல்பத்தையும் டவுன்லோடு செய்துவிடுங்கள். லோயர் கேம்ப் தாண்டிக் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறத் தொடங்கினால் டவர் வரும், போகும். பாட்டு நடுவில் சுற்றிக்கொண்டு நின்றால் இந்த மாதிரி ஆல்பம் செத்துவிடும்.

எந்தப் பதிப்பு என்று பாருங்கள். 2012-இல் பத்தாம் ஆண்டுப் பதிப்பு ஒன்று வந்தது; அதில் டெமோக்களும் (ஆல்பத்துக்கு முன் செய்த மாதிரிப் பதிவுகள்) கூடுதல் பாட்டுகளும் சேர்ந்திருக்கும். முதல் முறைக்கு அது வேண்டாம். 'அன்டைட்டில்டு' என்ற பாட்டில் தொடங்கி 'லீஃப் எரிக்ஸன்' என்ற பாட்டில் முடிகிற 11 பாட்டுப் பதிப்பை எடுங்கள். டெமோக்களோடு சேர்த்துக் கேட்டால் ஆல்பம் எங்கே முடிந்தது என்றே தெரியாமல் போகும்.

ஆப்பில் ஷஃபிளை அணைத்துவிடுங்கள். ஆல்பம் முடிந்ததும் தானாக வேறு பாட்டுக்குத் தாவும் வசதியையும் அணையுங்கள். இலவசக் கணக்கில் சில ஆப்கள் வரிசையைக் கலைத்துப் போடும், நடுவில் விளம்பரமும் வரும். அப்படியானால் ஒரு மாதத்துக்கு மட்டும் பணம் கட்டுங்கள், அல்லது யாரிடமாவது சிடி இருந்தால் கேட்டு வாங்குங்கள். ஈக்வலைசரில் பாஸ் பூஸ்ட் போட்டு வைத்திருப்பவர்கள் அதை எடுத்துவிட வேண்டும். இந்த ஆல்பத்தில் பாஸ் கிட்டார், அதாவது தடித்த கம்பியில் கனமாக ஒலிக்கும் கிட்டார், ஒரு ராகத்தையே பாடுகிறது. அதை வீங்க வைத்தால் வெறும் உறுமல்தான் மிஞ்சும்.

இயர்போன் விலை உயர்ந்ததாக இருக்க வேண்டியதில்லை. காதுக்குள் சரியாக அடைத்து உட்காரும் ரப்பர் இருந்தால் போதும். நம் பக்கத்துப் பஸ்களில் டிரைவர் தலைக்கு மேலே ஒரு ஸ்பீக்கர் ஓடிக்கொண்டிருக்கும். சரியாக அடைக்காத இயர்போனில் அதை மீறிக் கேட்க வேண்டுமென்று சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவோம்; காதுக்குத்தான் கேடு. ரப்பர் மூன்று அளவில் தருவார்கள். நடு அளவையே எல்லோரும் மாட்டிக்கொள்கிறார்கள். சின்னதையும் பெரியதையும் போட்டுப் பாருங்கள், எதில் பாஸ் திடீரென்று நிறைந்து கேட்கிறதோ அதுதான் உங்கள் காதுக்கு. இன்னொன்று, ஏலத்தோட்டத்து ஜீப்புகள் பறக்கும் ரோட்டோரம் நடக்கும்போது இரண்டு காதையும் அடைத்துக்கொள்ளாதீர்கள்.

முதல் தடவை: ஒன்றும் செய்யாதீர்கள்

இடையில் நிறுத்தாமல் ஒரே மூச்சில் கேட்க வேண்டும். கம்பத்தில் பஸ் ஏறிக் குமுளியில் இறங்குவதற்குள் ஏறக்குறைய முடிந்துவிடும். கூடலூர் தாண்டி, லோயர் கேம்ப்பில் பவர் ஹவுஸுக்கு மலையிலிருந்து இறங்கும் நாலு பெரிய குழாய்கள் தெரியும்போது பாதி ஆல்பம் ஓடியிருக்கும்.

பாட்டு வரிகளைத் தேடிப் படிக்காதீர்கள். இதை அழுத்திச் சொல்கிறேன். நமக்கு வரி முக்கியம். வைரமுத்தா, வாலியா என்று சண்டை போட்டு வளர்ந்தவர்கள் நாம். குழுவின் பாடகர் பால் பேங்க்ஸ் எழுதிய வரிகளை அந்தக் கண்ணால் பார்த்தால் முதல் நாளே எரிச்சல் வரும். 'ரோலண்ட்' என்ற பாட்டில் நிறையக் கத்தி வைத்திருக்கும் கசாப்புக்கார நண்பர் ஒருவர் வருகிறார். அவர் ஏன் வருகிறார் என்று இன்றுவரை யாரும் திருப்தியாகச் சொன்னதில்லை. இந்த ஆல்பத்தில் குரலும் ஒரு வாத்தியம். முதல் தடவை அப்படியே கேளுங்கள்.

முடிந்ததும் ஒரே ஒரு காரியம். எந்தப் பாட்டில் தலையைத் தூக்கிப் பார்த்தீர்கள், அதை மட்டும் குறித்து வையுங்கள். பிடித்ததா, பிடிக்கவில்லையா என்ற தீர்ப்பு வேண்டாம்.

அடுத்து: பாஸைப் பிடியுங்கள்

இதுதான் முக்கியமான படி. இங்கே நமக்கு ஒரு சாதகம் இருக்கிறது. கம்பத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கும் பண்ணைப்புரத்துக்காரரின் பாட்டுகளைக் கேட்டு வளர்ந்தவர்களின் காது பாஸ் கிட்டாருக்கு ஏற்கெனவே பழகியிருக்கிறது. அது நமக்கே தெரியாது, அவ்வளவுதான்.

சோதித்துப் பார்க்கலாம். இளையராஜா இசையில் யேசுதாஸ் பாடிய 'என் இனிய பொன் நிலாவே' பாட்டைப் போடுங்கள். 'மூடுபனி', 1980. யேசுதாஸ் குரலையும் கிட்டாரையும் விட்டுவிடுங்கள். கீழே நடந்துகொண்டே இருக்கும் அந்தத் தடித்த கம்பியின் ஒலியை மட்டும் பின்தொடருங்கள். முதலில் நழுவும். சரணம் வருவதற்குள் பிடித்துவிடுவீர்கள். அது தாளத்துக்குத் துணையாக மட்டும் நிற்காமல், குரலுக்கு அடியில் தனியாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டு போவது தெரியும். தெரிந்துவிட்டதா? காது தயார்.

இப்போது இன்டர்போலுக்கு வாருங்கள். முதல் பாட்டு 'அன்டைட்டில்டு'. எதிரொலியோடு ஒரு கிட்டார் தனியாகத் தொடங்கும். பிறகு பாஸும் டிரம்ஸும் சேரும். பாடகர் வாயைத் திறக்க நீண்ட நேரம் பிடிக்கும். அந்தக் காத்திருப்பு முழுவதும் பாஸைக் கவனியுங்கள். கார்லோஸ் டெங்லர் வாசித்தது. கிட்டார் ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்க, நகர்வது பாஸ்தான். வழக்கமான ராக் பாட்டில் இந்த வேலை தலைகீழாக இருக்கும்.

அங்கிருந்து நேரே எட்டாவது பாட்டுக்குப் போங்கள். 'ஸ்டெல்லா வாஸ் அ டைவர் அண்ட் ஷி வாஸ் ஆல்வேஸ் டவுன்' என்று நீளமான பெயர். ஆறு நிமிடத்துக்கு மேல் ஓடும். பாடகர் பாட்டின் பெயரைப் பேச்சுக் குரலில் சொல்லித் தொடங்கிவைக்கிறார். இதில் பாஸ் இல்லாவிட்டால் பாட்டே இல்லை. வீட்டில் சும்மா இருக்கும்போது எந்தப் பகுதியை முணுமுணுக்கிறீர்கள் என்று பாருங்கள். பெரும்பாலும் அது பாஸ் வாசித்ததாக இருக்கும்.

இனி கிட்டார். குழுவில் கிட்டார் இரண்டு பேர், டேனியல் கெஸ்லரும் பால் பேங்க்ஸும். 'அப்ஸ்டகிள் 1' பாட்டைப் போட்டு, ஒரு தடவை ஒரு கிட்டாரை மட்டும், அடுத்த தடவை மற்றதை மட்டும் பிடியுங்கள். இருவரும் ஒரே சுரக்கட்டை வாசிப்பதில்லை. ஒருவர் விட்ட இடைவெளியில் மற்றவர் நுழைகிறார். தனி ஆவர்த்தனம் போல 'நான் வாசிக்கிறேன் பார்' என்று நீளமான கிட்டார் சோலோ எங்கும் கிடையாது. 'பிடிஏ' பாட்டின் கடைசிப் பகுதியில் பாடுவது நின்றுபோய், கிட்டார்கள் ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகும். இந்த ஆல்பத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் அது. அதைக் கேட்டும் உங்களுக்கு ஒன்றும் தோன்றவில்லையென்றால் இந்தக் கட்டுரையின் கடைசிப் பகுதிக்குத் தாவிவிடலாம், கோபித்துக்கொள்ள மாட்டேன்.

டிரம்ஸ் சாம் ஃபோகாரினோ. அவரைப் பற்றி ஒரு வரி: அதிகம் அலங்காரம் செய்ய மாட்டார். அதனால்தான் மற்ற மூவரும் மிதக்க முடிகிறது.

யார் இவர்கள்

கெஸ்லர், டெங்லர், பேங்க்ஸ் மூவரும் நியூயார்க் பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். 1997-இல் குழு உருவானது. ஃபோகாரினோ 2000-இல் சேர்ந்தார். கோட்டு சூட்டு போட்டு மேடை ஏறியதற்காகவே கிண்டலும் புகழும் வாங்கினார்கள். ஆல்பத்தைப் பதிவு செய்தது 2001 நவம்பரில், கனெடிகட் மாநிலத்தின் பிரிட்ஜ்போர்ட்டில், பீட்டர் கேட்டிஸின் டார்க்வின் ஸ்டூடியோவில். இந்தக் கேட்டிஸ் பெயரை மறக்காதீர்கள், கடைசியில் வேலை இருக்கிறது.

அந்த மாதத்தைக் கவனித்தீர்களா? செப்டம்பர் 11 தாக்குதல் நடந்து இரண்டே மாதம். ஆல்பம் வெளியானபோது பலர் இதை அடிபட்ட நகரத்தின் பாட்டாகவே கேட்டார்கள், முக்கியமாக 'என்ஒய்சி' என்ற மூன்றாவது பாட்டை. ஆல்பத்தின் பெயரும் அந்தப் பாட்டின் வரிதான். ஆனால் பல பாட்டுகள் அதற்கு முன்பே மேடையில் பாடப்பட்டவை. கேட்பவர்கள் தங்கள் துக்கத்தைக் கொண்டுவந்து ஒரு பாட்டுக்குள் வைப்பது எங்கும் நடப்பதுதான்.

ஒரு குழுவைப் பிடித்துப் பின்னால் போவது

இந்த ஆல்பத்தைப் பற்றி யார் எழுதினாலும் இரண்டாவது வரியில் ஜாய் டிவிஷன் என்ற பெயர் வந்துவிடும். பேட்டிகளில் அந்த ஒப்பீட்டை இன்டர்போல் ஆட்கள் ரசித்ததில்லை. நீங்கள் யாரையும் நம்ப வேண்டாம். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கேளுங்கள்.

ஜாய் டிவிஷன் இங்கிலாந்தின் மான்செஸ்டர் பகுதிக் குழு. முதல் ஆல்பம் 'அன்நோன் பிளெஷர்ஸ்', 1979 ஜூனில் ஃபேக்டரி லேபிளில் வந்தது. அட்டைப் படத்தைப் பார்த்தால் "அட, இதுவா!" என்பீர்கள். கறுப்புப் பின்னணியில் மலைத்தொடர் போல அடுக்கடுக்காக வெள்ளைக் கோடுகள். பஜாரில் தொங்கும் டீ சர்ட்டுகளில் அந்தப் படத்தைப் பார்க்காதவர் குறைவு. போட்டிருக்கும் பையனைக் கேட்டால் மேகமலை என்றுகூடச் சொல்வான். அது மலையே இல்லை. 1967-இல் கண்டுபிடிக்கப்பட்ட முதல் பல்சர் விண்மீனிலிருந்து வந்த ரேடியோத் துடிப்புகளின் வரைபடம். ஒரு வானியல் கலைக்களஞ்சியத்தில் இருந்த படத்தை எடுத்து, கறுப்பில் வெள்ளையாக மாற்றி அட்டையாக்கியவர் பீட்டர் சேவில்.

முதல் பாட்டு 'டிஸார்டர்'. டிரம்ஸ் தொடங்கும், அடுத்துப் பாஸ் வரும், அப்புறம்தான் கிட்டார். நீங்கள் இன்டர்போலில் பழகிய அதே ஏற்பாடு: பாஸ் மேலே பாடுகிறது, கிட்டார் சுற்றி நிற்கிறது. ஏன் இப்படி என்பதற்கு ஒரு சுவையான காரணம் உண்டு. பாஸ் வாசித்த பீட்டர் ஹுக்குக்கு ஒத்திகையில் தன் சத்தமே கேட்காதாம். பக்கத்தில் பெர்னார்ட் சம்னரின் கிட்டார் ஆம்ப் (ஒலியைப் பெருக்கும் பெட்டி) அலறிக்கொண்டிருக்கும். தன் பழைய ஆம்ப்பில், கம்பியின் மேல் சுரங்களில் வாசித்தால் மட்டும்தான் அவருக்கே காது கேட்டது. பாடகர் இயன் கர்ட்டிஸுக்கு அந்த ஒலி பிடித்துப்போக, அதுவே குழுவின் அடையாளமானது. ஒரு மட்டமான ஆம்ப் இல்லையென்றால் பின்னால் வந்த எத்தனையோ குழுக்களின் பாஸ் வேறு மாதிரி இருந்திருக்கும்.

இன்னொரு பெயரையும் தெரிந்துகொள்ளுங்கள்: மார்ட்டின் ஹானட், இந்த ஆல்பத்தின் தயாரிப்பாளர். ஸ்டாக்போர்ட்டில் உள்ள ஸ்ட்ராபெரி ஸ்டூடியோவில் டிரம்ஸின் ஒவ்வொரு பாகத்தையும் தனித்தனியாக அடிக்கவைத்துப் பதிவு செய்தார். 'இன்சைட்' பாட்டில் குரல் தூரத்திலிருந்து வர வேண்டுமென்று கர்ட்டிஸின் குரலை டெலிபோன் லைன் வழியாகப் பதிவு செய்தார். கடைசிப் பாட்டில் கண்ணாடி உடையும் சத்தம் கேட்கும். குழுவினருக்கு முதலில் இதெல்லாம் பிடிக்கவில்லை. மேடையில் இருக்கும் வேகமும் சூடும் போய்விட்டது என்று ஹுக்கும் சம்னரும் குறைப்பட்டார்கள். ஆனால் இன்று நாம் கேட்டு உறைந்துபோவது அந்தக் குளிரைத்தான்.

கர்ட்டிஸ் வலிப்பு நோயோடும் மனச்சோர்வோடும் போராடியவர். 1980 மே 18 அன்று, முதல் அமெரிக்கப் பயணத்துக்குக் கிளம்ப வேண்டிய நேரத்தில், தற்கொலை செய்துகொண்டார். வயது 23. இரண்டாவது ஆல்பம் 'குளோசர்' அந்த ஜூலையில் வந்தது. இதை வைத்து அவரைக் காவிய நாயகனாக்கும் பேச்சு நிறைய இருக்கிறது, எனக்கு அதில் உடன்பாடில்லை. உரிய சிகிச்சையும் ஓய்வும் கிடைத்திருக்க வேண்டிய பையன் அவர். 'குளோசர்' மனசு சரியில்லாத நாளில் தனியாகக் கேட்கும் ஆல்பம் இல்லை. அந்த மாதிரி நாளில் யாரிடமாவது பேசுங்கள், ஆல்பம் எங்கேயும் போகாது.

அப்படியானால் காப்பியா?

இரண்டையும் கேட்ட பிறகு இந்தக் கேள்வி வரும். வரவேண்டும். என் பதில்: குரலின் ஆழமும் பாஸின் இடமும் அங்கிருந்து வந்தவை, மறுக்க முடியாது. ஆனால் ஜாய் டிவிஷனில் பாட்டுக்குள் காலியிடம் நிறைய இருக்கும், யாருமில்லாத குடோனில் வாசிப்பது மாதிரி. இன்டர்போலில் அந்த இடத்தை இரண்டு கிட்டார்களும் அடைத்துவிடுகின்றன. 'என்ஒய்சி' மாதிரி மெதுவாக அணைத்துக்கொள்ளும் பாட்டை ஜாய் டிவிஷன் எழுதியிருக்குமா என்பது சந்தேகம்.

எல்லைக்கு அந்தப் பக்கத்திலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். கேரளத்தின் அவியல் குழு 2008-இல் 'அவியல்' என்ற பெயரிலேயே ஓர் ஆல்பம் கொண்டுவந்தது. மலையாளத்தில் ராக். குமுளிப் பிள்ளைகள் பலர் கேட்டிருப்பார்கள். அதில் 'ஆடு பாம்பே' என்று ஒரு பாட்டு. வரிகள் நாராயண குருவின் குண்டலினிப் பாட்டு. அதைக் கேட்டதும் தமிழ்க் காதுக்கு வேறொருவர் நினைவுக்கு வருவார், நம் பாம்பாட்டிச் சித்தர். 'ஆடு பாம்பே' என்று பாம்பைக் கூப்பிட்டுக் குண்டலினியைப் பாடுவது அவர் போட்ட பாதை. சித்தரிடமிருந்து குரு, குருவிடமிருந்து எலெக்ட்ரிக் கிட்டார். யார் யாரைக் காப்பியடித்தது? ஒருவரும் இல்லை, எல்லோரும் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். வாங்கியதோடு என்ன சேர்த்தார்கள் என்று கேட்பதுதான் கேள்வி. அந்தப் பாட்டையும் உங்கள் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏலக்காட்டு ஜீப்பில் போகும்போது நன்றாக இருக்கும்.

இன்னும் பின்னால்

ஜாய் டிவிஷனுக்கு முதலில் வார்ஸா என்று பெயர். இங்கிலாந்துப் பாடகர் டேவிட் போவி 1977 ஜனவரியில் வெளியிட்ட 'லோ' ஆல்பத்தில் உள்ள 'வார்ஷாவா' என்ற பாட்டைப் பார்த்து வைத்தது. 1978 தொடக்கத்தில்தான் பெயர் மாற்றினார்கள். ஆக அடுத்த படி 'லோ'. இசைத்தட்டின் முதல் பக்கம் துண்டு துண்டான பாட்டுகள், இரண்டாவது பக்கம் பெரும்பாலும் பாட்டே இல்லாத இசை. 'வார்ஷாவா' பிரையன் ஈனோவுடன் சேர்ந்து செய்தது. அதை இரவில் கேளுங்கள். முதல் பக்கத்தில் டிரம்ஸ் சத்தம் விழும்போது சுருதி இறங்கிக் கீழே சரிவது போலக் கேட்கும். தயாரிப்பாளர் டோனி விஸ்கான்டி ஒரு ஒலிக் கருவியை வைத்துச் செய்த வேலை. ஹானட் கேட்டிருக்காமல் இருக்க வாய்ப்பில்லை என்பது என் ஊகம்.

இங்கே ஒரு கிளை பிரிகிறது. 1976 ஜூன் 4 அன்று மான்செஸ்டரில் செக்ஸ் பிஸ்டல்ஸ் என்ற பங்க் ராக் குழுவின் நிகழ்ச்சியைச் சம்னரும் ஹுக்கும் போய்ப் பார்த்தார்கள். அடுத்த நாளே ஹுக் ஒரு பாஸ் கிட்டார் வாங்கினார். 'நம்மாலும் முடியும்' என்ற தைரியம் அங்கிருந்து வந்தது. ஆனால் ஒலி அங்கிருந்து வரவில்லை. அதனால் செக்ஸ் பிஸ்டல்ஸை இப்போது தேடிப் போக வேண்டாம், பிறகு பார்க்கலாம்.

போக வேண்டியது வெல்வெட் அண்டர்கிரவுண்ட் என்ற நியூயார்க் குழுவுக்கு. ஜாய் டிவிஷன் மேடையில் அவர்களுடைய 'சிஸ்டர் ரே' பாட்டை வாசித்திருக்கிறது, 1981-இல் வந்த 'ஸ்டில்' தொகுப்பில் அந்தப் பதிவு இருக்கிறது. இந்த மாதிரி ஒரு குழு யாருடைய பாட்டை எடுத்து வாசிக்கிறது என்று பார்ப்பது தாக்கத்தைக் கண்டுபிடிக்க மிக நம்பகமான வழி. விமர்சகர் சொல்வது ஊகம், மேடையில் வாசித்தது சாட்சி.

1967-இல் வந்த 'த வெல்வெட் அண்டர்கிரவுண்ட் அண்ட் நிகோ' ஆல்பம், ஆண்டி வார்ஹால் போட்ட வாழைப்பழ அட்டை. அதில் 'வீனஸ் இன் ஃபர்ஸ்' கேளுங்கள். ஜான் கேல் வியோலாவில் (வயலினைவிடச் சற்றுப் பெரிய வாத்தியம்) ஒரே சுரத்தை விடாமல் இழுத்துப் பிடித்துக்கொண்டிருப்பார். கொஞ்ச நேரம் கேட்டால், இது எங்கோ கேட்ட மாதிரி இருக்கிறதே என்று தோன்றும். தோன்றுவது சரிதான். கேல் இந்தக் குழுவுக்கு முன்பு நியூயார்க்கில் லா மான்டே யங் என்பவரோடு வாசித்தார். ஒரு சுரத்தை மணிக்கணக்கில் பிடித்து நிற்பதே அவர்கள் வேலை. யங் இந்திய இசையின் சுருதியில் மனத்தைப் பறிகொடுத்தவர். 1970 முதல் இந்துஸ்தானி இசையில் கிரானா கரானாவைச் சேர்ந்த பாடகர் பண்டிட் பிரான்நாத்திடம் சிஷ்யராகவே இருந்தார். கோவில் பஜனையில் ஓரமாக ஓடும் சுருதிப்பெட்டிக்கும் இன்டர்போலுக்கும் நேரடி உறவு என்று நான் சொல்லவில்லை. நடுவில் நிறையக் கைகள் இருக்கின்றன. ஆனால் 'அன்டைட்டில்டு' பாட்டில் ஒரே இடத்தில் சுற்றும் அந்தக் கிட்டாரை நம் காது ஏன் அந்நியமாக நினைப்பதில்லை என்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

பக்கத்து வீடுகள்

சுருக்கமாக மூன்று பெயர். கிட்டாரின் எதிரொலி பிடித்திருந்தால் த கமீலியன்ஸ், 'ஸ்கிரிப்ட் ஆஃப் த பிரிட்ஜ்', 1983. இவர்களும் மான்செஸ்டர் பக்கம்தான். ஜாய் டிவிஷனைவிட இன்டர்போலுக்கு இவர்கள்தான் நெருக்கம் என்று வாதிடுபவர்கள் உண்டு, நானும் அந்தக் கட்சி. இரண்டு கிட்டார்கள் பின்னிக்கொள்வது பிடித்திருந்தால் டெலிவிஷன் என்ற நியூயார்க் குழுவின் 'மார்க்கீ மூன்', 1977. 'சே ஹலோ டு த ஏஞ்சல்ஸ்' பாட்டின் துள்ளல் பிடித்திருந்தால் த ஸ்மித்ஸ். ஜானி மார் வாசித்த கிட்டாரைக் கேட்டதும் எங்கிருந்து வந்தது என்று புரிந்துவிடும்.

மூன்றையும் ஒரே வாரத்தில் கேட்காதீர்கள். ஒன்றுக்கு இரண்டு வாரம் கொடுங்கள், நடுவில் ஒருமுறை 'டர்ன் ஆன் த பிரைட் லைட்ஸ்' கேளுங்கள். ஒவ்வொரு தடவையும் அதில் புதிதாக ஏதாவது காதில் விழும். விழாவிட்டால் அந்தக் கிளையை விட்டுவிடலாம்.

பிடிக்கவே இல்லையென்றால்

மூன்று தடவை முழுதாகக் கேட்டும் ஒட்டவில்லையென்றால் விட்டுவிடுங்கள். பாடகரின் தட்டையான குரல் சிலருக்கு ஒத்துவராது. எங்கள் வட்டத்திலேயே "ஏன்ப்பா இவர் தூக்கத்துலயே பாடுறாரு" என்று இயர்போனைக் கழற்றிக் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு நான் கொடுத்தது த நேஷனல் குழுவின் 'பாக்ஸர்', 2007. அதன் தயாரிப்பிலும் பீட்டர் கேட்டிஸ் இருக்கிறார். குழுவை விட்டுத் தயாரிப்பாளர் பெயரைப் பிடித்துக்கொண்டு போவது இன்னொரு வழி, பலருக்கு அதுவே எளிது. ஆல்பத்தின் விவரப் பகுதியில் 'புரொட்யூஸ்டு பை' என்று இருக்கும் இடத்தைத் திறந்து பாருங்கள்.

'பாக்ஸர்' கனம் குறையாத ஆல்பம்தான், ஆனால் மேட் பெர்னிங்கரின் குரல் காதோரம் பேசுவது போல இருக்கும், பியானோவும் வரும். இதில் பாஸைத் தேடாதீர்கள். இந்தக் குழுவைப் பிடிக்க வேண்டிய இடம் டிரம்ஸ், வாசிப்பவர் பிரையன் டெவன்டார்ஃப். முதல் பாட்டு 'ஃபேக் எம்பயர்'. பியானோ ஒரு கணக்கில் போகும், குரல் வேறு கணக்கில் போகும், டிரம்ஸ் வர நேரமாகும். வந்ததும் இரண்டும் எப்படிச் சேர்ந்து உட்காருகின்றன என்பதைத் தொடையில் தாளம் போட்டுக்கொண்டே கவனியுங்கள்.